27 ஆட்டத்தில் .179: இந்தப் பையனுக்கு அடுத்த சீசன் ரைட் ஃபீல்டைக் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: 2016 ஆகஸ்ட்டில் அமெரிக்க பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்த ஆரன் ஜட்ஜ் 27 ஆட்டங்களில் .179 சராசரி (ஓர் அட்-பேட்டுக்கு எத்தனை ஹிட் என்ற விகிதம்), 42 ஸ்டிரைக்-அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்) என்று சீசனை முடித்தார். மறு வருடமே 52 ஹோம் ரன் (வேலிக்கு அப்பால் போன அடி). அப்படியென்றால் அவருக்கு ரைட் ஃபீல்டை (வெளிக்களத்தின் வலது ஓர இடத்தை) கொடுத்தது கணக்குப் போட்டு எடுத்த முடிவா, குருட்டாம்போக்கா? இன்று இதே நிலையில் ஓர் இளம் அவுட்ஃபீல்டர் இருந்தால், அவருக்குத் தொடக்க இடம் தரலாமா என்பதை எதை வைத்துச் சொல்வது?

கணக்குப் போட்ட முடிவுதான். 52 ஹோம் ரன் வரும் என்று யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் இடம் கொடுக்கலாம் என்று சொல்ல 2016 டிசம்பரில் கையில் இருந்த விவரங்களே போதும். அந்தக் குளிர்காலத்தில் பலர் .179 என்ற எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வேண்டிய எண் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

முதலில் .179ஐப் பிரித்துவிடுவோம். ஜட்ஜ் 95 முறை பிளேட்டுக்கு, அதாவது மட்டை பிடிக்க, வந்தார். 9 வாக் (நாலு பந்து ஸ்டிரைக் மண்டலத்துக்கு வெளியே போனால் இலவசமாக முதல் பேஸ்), உடம்பில் பந்து பட்டு 1, சாக்ரிஃபைஸ் ஃப்ளை (தான் அவுட் ஆகி ஓட்டக்காரரை ரன் எடுக்கவைக்கும் அடி) 1. எஞ்சிய கணக்கு 84 அட்-பேட் (சராசரியில் சேரும் வாய்ப்புகள்), 15 ஹிட். உண்மையில் .250 அடிக்கக்கூடிய ஒருவருக்கு 84 அட்-பேட்டில் சுமார் 21 ஹிட் வரவேண்டும். ஆனால் இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் நாலு ஹிட் கூடுவதும் குறைவதும் சர்வ சாதாரணம். அப்படிப்பட்ட பேட்டர் 15 அல்லது அதற்கும் குறைவான ஹிட்டோடு நிற்பது ஏறக்குறைய பன்னிரண்டு தடவைக்கு ஒரு தடவை நடக்கும். ஆக, .179 என்பது எதையும் நிரூபிக்காத எண். அவர் மோசம் என்றும் சொல்லாது, நல்லவர் என்றும் சொல்லாது.

42 ஸ்டிரைக்-அவுட் அப்படியல்ல. 95இல் 42 என்றால் 44 சதவீதம். வழக்கமாக 30 சதவீதம் ஸ்டிரைக்-அவுட் ஆகிறவருக்கு இந்த எண்ணிக்கையில் 28 அல்லது 29தான் வரவேண்டும். தற்செயலாக 42 வரை போவது சில நூறு தடவைக்கு ஒரு முறைதான். இது துரதிர்ஷ்டம் இல்லை. பிட்சர்கள் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு வகுத்தல் போட்டால் படம் தெளிவாகும். 84 அட்-பேட்டில் 42 ஸ்டிரைக்-அவுட். மிச்சம் 42 முறை பந்து மட்டையில் பட்டு முடிந்தது. அந்த 42இல் 15 ஹிட், அதில் 4 ஹோம் ரன். அதாவது பட்டால் .357. முதல் அட்-பேட்டிலேயே சென்டர் ஃபீல்டுக்கு 446 அடி தூரம் ஹோம் ரன் அடித்தவர். பட்ட பந்தில் குறையே இல்லை, படுவதில்தான் குறை. இளம் பேட்டர் யாராக இருந்தாலும் முதலில் இந்தப் பிரிப்பைச் செய்யுங்கள். பந்து படவில்லையா, பட்டும் பலமாகப் போகவில்லையா, பலமாகப் போயும் ஃபீல்டர் கையிலேயே விழுந்ததா? மூன்றும் ஒரே .180 சராசரியைத் தரும். ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஒப்பிட மைக் ட்ரௌட் வசதியான ஆள். 2011இல் 19 வயதில் ஏஞ்சல்ஸ் அணிக்கு 40 ஆட்டம் ஆடி .220 அடித்தார். மேலோட்டமாக அதுவும் தோல்விதான். ஆனால் 135 பிளேட் வாய்ப்பில் 30 ஸ்டிரைக்-அவுட். 22 சதவீதம், 19 வயதுப் பையனுக்குக் கவலைப்பட ஒன்றுமே இல்லை. 2012 ஏப்ரல் கடைசியில்தான் மறுபடி மேஜர் லீக்குக்குக் கூப்பிட்டார்கள்; .326, 30 ஹோம் ரன், 49 ஸ்டீல் (ஓடித் திருடிய பேஸ்). ட்ரௌட்டுக்கு வேண்டியிருந்தது வெறும் நேரம். ஜட்ஜுக்கு வேண்டியிருந்தது திருத்தம். அதனால் ஜட்ஜ் விஷயத்தில் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: இவர் இதற்கு முன் தோற்று, அதைத் திருத்திக்கொண்ட ஆளா?

இங்கேதான் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள லீக்குகள்) கணக்கு உதவுகிறது, அதுவும் எல்லாரும் பார்க்கிற விதத்தில் அல்ல. ஜட்ஜ் 2015இல் மைனர் லீக்கின் உச்சமான டிரிபிள்-ஏ மட்டத்தில் ஸ்கிராண்டன் அணிக்கு முதன்முறை போனபோது 61 ஆட்டத்தில் .224, 8 ஹோம் ரன். அங்கேயும் திணறல். அடுத்த வருடம் அதே மட்டம், அதே அணி: 93 ஆட்டத்தில் .270, 19 ஹோம் ரன். ஸ்டிரைக்-அவுட் 28 சதவீதத்துக்கு மேல் இருந்தது, சுமார் 24க்கு இறங்கியது. புதிய மட்டத்தில் முதல் முறை அடி வாங்குவார், இரண்டாம் முறை கற்றுக்கொண்டு வருவார் என்பதற்கு எழுத்துப்பூர்வமான சான்று இது. மைனர் லீக்கில் எடுத்த எடுப்பிலேயே .320 அடித்து மேலே வந்தவரைவிட, .224 அடித்து மறு வருடம் .270 ஆக்கியவர்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். முன்னவர் விழுந்து எழுந்ததை யாரும் இன்னும் பார்க்கவில்லை.

ஜாரெட் கெலெனிக் கதை இதற்கு நேர்மாறு. சியாட்டில் மரினர்ஸ் அணியின் பெரிய நம்பிக்கை. 2020இல் மைனர் லீக் சீசனே நடக்கவில்லை. 2021 மே மாதம் டிரிபிள்-ஏயில் ஒரு சில ஆட்டங்கள் மட்டுமே ஆடிய நிலையில் மேலே வந்தார். தொடர்ந்து 39 அட்-பேட் ஹிட் இல்லாமல் போய், ஜூனில் கீழே அனுப்பப்பட்டு, ஜூலையில் திரும்பினார். வருட முடிவில் 93 ஆட்டம், .181, 14 ஹோம் ரன். ஸ்டிரைக்-அவுட் 28 சதவீதம், ஜட்ஜின் 44ஐவிட எவ்வளவோ குறைவு. ஹோம் ரன்களை ஒதுக்கிவிட்டு, களத்துக்குள் அடித்த பந்துகளில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் ஹிட் ஆனது. வழக்கமாக பத்தில் மூன்று ஆகும். 'கெட்ட நேரம், தானாகச் சரியாகும்' என்று படிக்க எல்லா வசதியும் இருந்தது, போதாததற்கு செப்டம்பரில் கொஞ்சம் தலை நிமிர்ந்தார். 2022இல் இடம் கொடுத்தார்கள், 54 ஆட்டத்தில்.141. திரும்புகிற பந்துகளுக்கும் வேகம் குறைந்த பந்துகளுக்கும் அவரிடம் பதில் இல்லை. குறைந்த சராசரியை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவதற்கு முன், எந்த வகைப் பந்தில் அந்த அவுட்கள் வந்தன என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

விதிவிலக்கும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அதே மரினர்ஸ் அணி அதே 2022இல் ஹூலியோ ரொட்ரிகேஸை டிரிபிள்-ஏ பக்கமே போகாமல் நேராக சென்டர் ஃபீல்டில் நிறுத்தியது. ஏப்ரல் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட இல்லை, ஸ்டிரைக்-அவுட் குவிந்தது. அணி அசையவில்லை. வருட முடிவில் .284, 28 ஹோம் ரன், 25 ஸ்டீல், சிறந்த புதுமுகம் விருது. அந்த ஏப்ரலில் அவர் ஸ்டிரைக்-அவுட் ஆன பல பந்துகள் ஸ்டிரைக் மண்டலத்துக்கு வெளியே போய் நடுவர் ஸ்டிரைக் சொன்னவை. பையன் அவற்றை விட்டது சரியான முடிவு. எண் ஒன்றுதான், காரணம் வேறு.

இனி எதை எங்கே பார்ப்பது. பேஸ்பால் சேவன்ட் தளத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, இலவசம். அதில் எனக்கு முதலில் வேண்டியது நாலு எண். மண்டலத்துக்கு வெளியே போகும் பந்தை எத்தனை சதவீதம் துரத்துகிறார்: லீக் சராசரி 28ஐ ஒட்டி இருக்கும், 38ஐத் தாண்டினால் பிட்சர்கள் அவருக்கு ஸ்டிரைக் போடவே மாட்டார்கள். மண்டலத்துக்குள் வரும் பந்துக்கு மட்டையை வீசினால் எத்தனை முறை படுகிறது: 80க்கு மேல் இருந்தால் பிழைத்துக்கொள்வார், 75க்குக் கீழே போனால் பெரிய பலம் இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். மணிக்கு 95 மைல் வேகத்துக்கு மேல் அடித்த பந்துகளின் பங்கு. கடைசியாக, அவர் அடித்ததிலேயே அதிவேகப் பந்து. இந்த நாலாவது எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. சராசரிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உச்ச வேகத்துக்கு ஒரே ஓர் அடி போதும், ஏனென்றால் இல்லாத பலத்தைத் தற்செயலாகக் காட்ட முடியாது. 2017 ஜூனில் ஜட்ஜ் 121.1 மைல் வேகத்தில் ஒரு பந்தை அடித்தார். அப்படி அடிக்கிறவருக்கு ஸ்டிரைக்-அவுட் 30 சதவீதத்துக்கு இறங்கினாலே போதும். அதுதான் நடந்தது: 678 பிளேட் வாய்ப்பில் 208 ஸ்டிரைக்-அவுட், 30.7 சதவீதம், அதோடு 127 வாக். அந்த வருடத்தின் .284 எல்லாம் அதற்குப் பின்னால் வந்த விளைவு.

ஸ்பிரிங் டிரெய்னிங் (சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள்) கணக்கை நம்பாதீர்கள். 50, 60 பிளேட் வாய்ப்பு. ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு எதிரே நிற்பவர் மைனர் லீக் பிட்சர். அரிசோனாவில் காற்று வறண்டு பந்து கூடுதலாகப் பறக்கும். ஆனால் பார்ப்பதற்கு ஒரு விஷயம் இருக்கிறது, அது ஸ்கோர் அட்டையில் இருக்காது. வலதுகை பிட்சர், வலதுகை பேட்டர், இரண்டு ஸ்டிரைக். அடுத்து வரப்போவது வெளி ஓரத்தில் தாழ்ந்து விலகும் ஸ்லைடர் என்று அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். 2016இல் ஜட்ஜை வீழ்த்தியதில் பெரும்பங்கு இதற்குத்தான். அந்தப் பந்து வரும்போது பேட்டரின் முன்காலையும் இடுப்பையும் பாருங்கள். முன் இடுப்பு சீக்கிரமே பிட்சர் பக்கம் திறந்துவிட்டால், மட்டை வெளி ஓரத்தை எட்டாது. கை மட்டும் நீண்டு பந்துக்கு மேலே வெட்டும். இடுப்பு ஒரு கணம் மூடியே இருந்து, தோள் பாதியில் நின்று, மட்டை பின்னாலேயே தங்கினால் அது 'பால்' (ஸ்டிரைக் ஆகாத பந்து). மார்ச் மாதத்தில் ஒரு பையன் இப்படி மூன்று ஸ்லைடரை விட்டு வாக் எடுத்தால், அதை நான் இரண்டு ஹோம் ரன்னுக்கு மேல் மதிப்பேன். ஜட்ஜ் 6 அடி 7 அங்குல உயரம். அவர் முழங்காலுக்குக் கீழே போகும் பந்துக்கும் நடுவர்கள் ஸ்டிரைக் சொல்வார்கள் என்பது கூடுதல் தலைவலி. இத்தனைக்கும் நடுவே அவர் 2017இல் துரத்துவதைக் குறைத்தார்.

பேட்டிங்கோடு பேச்சு முடிந்துவிடாது. எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அவர் அடிக்க வேண்டிய அளவே மாறும். ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் கணக்கில் சென்டர் ஃபீல்டுக்கு ஒரு முழு சீசனுக்கு 2.5 ரன் வரவு. இரு ஓரங்களுக்கும் 7.5 ரன் கழிவு. இடைவெளி 10 ரன், சுமாராக ஒரு வெற்றி. சென்டரில் நன்றாக ஓடிப் பிடிக்கும் ஒருவர் .235 அடித்தாலும் வைத்துக்கொள்ளலாம்; அதே .235ஐ லெஃப்ட் ஃபீல்டில் நின்று அடித்தால் வேறு ஆளைத் தேட வேண்டியதுதான். சிகாகோ கப்ஸின் பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங் 2024இல் .237, 10 ஹோம் ரன், 27 ஸ்டீல். மட்டையை மட்டும் பார்த்தால் மாற்று ஆட்டக்காரர். ஆனால் சென்டரில் அவர் எட்டிய பந்துகளை லீக்கில் மிகச் சிலரே எட்டினார்கள். அந்தக் களத்தடுப்பு அவருக்கு வாங்கிக் கொடுத்த அவகாசத்தில், 2025இல் 31 ஹோம் ரன், 35 ஸ்டீல், கோல்ட் குளவ் (சிறந்த களத்தடுப்பு விருது).

ஆனால் அவகாசம் என்பது வெகுகாலம் ஆகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்டனில் ஜாக்கி பிராட்லி ஜூனியர் 2013இல் .189, 2014இல் 127 ஆட்டம் ஆடி .198, ஒரே ஒரு ஹோம் ரன். சென்டர் ஃபீல்டில் அற்புதம். அதனால்தான் அத்தனை ஆட்டம் கிடைத்தது. 2016இல் 29 ஆட்டம் தொடர்ந்து ஹிட் அடித்து, 26 ஹோம் ரன்னோடு ஆல்-ஸ்டார் ஆனார். அடுத்த வருடமே பட்டம் வெல்ல வேண்டிய அணியால் இப்படி மூன்று வருடம் பொறுக்க முடியாது.

ஜட்ஜ் ஓர ஆட்டக்காரர், ஆகவே அடித்தே ஆகவேண்டியவர். ஆனால் அன்றைய அணியின் நிலை அவருக்குச் சாதகம். யாங்கீஸ் 2016 ஜூலை, ஆகஸ்ட்டில் சாப்மன், மில்லர், பெல்ட்ரான் மூவரையும் விற்று, 84–78 என்று முடித்த அணி. பெல்ட்ரான் போனதால்தான் ரைட் ஃபீல்டே காலியானது. போட்டிக்கு இருந்தவர் ஆரன் ஹிக்ஸ். 2016இல் 123 ஆட்டத்தில்.217, 8 ஹோம் ரன். 'இவருக்குத் தகுதி இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் விவாதம் முடியாது. 'இவருக்குப் பதில் யார்' என்று கேட்டால் பாதி விவாதம் அங்கேயே தீர்ந்துவிடும். .217க்கு எதிராக .179ஐ ஆட வைப்பதில் இழக்க என்ன இருந்தது?

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் வைத்திருக்கும் ஏற்பாடு இது. பேட்டிங் வரிசையில் எட்டாவதாக ஆடட்டும். வரிசையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் சீசனில் 15 முதல் 18 பிளேட் வாய்ப்பு குறையும். தவறு நடந்தாலும் சேதம் குறைவு, பையன் மேலும் பாரம் குறைவு. யாங்கீஸும் 2017 தொடக்க ஆட்டத்தில் ஜட்ஜை எட்டாவதாகத்தான் அனுப்பியது. அடுத்து, எப்போது மறுபரிசீலனை என்பதை சீசன் தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். 250 பிளேட் வாய்ப்பு. ஏறக்குறைய ஜூன் நடுவரை. அதற்கு முன் காயம் தவிர எதற்கும் கீழே அனுப்பக் கூடாது. அந்த நாளிலும் சராசரியைப் பார்க்கக் கூடாது. ஸ்டிரைக்-அவுட் 33 சதவீதத்துக்குக் கீழே வந்ததா, துரத்துவது குறைந்ததா, இந்த இரண்டுதான். இரண்டும் அசையாமல் நின்றால் டிரிபிள்-ஏக்கு அனுப்பலாம். ஆப்ஷன் (தடையின்றிக் கீழே அனுப்பும் உரிமை) வருடங்கள் மூன்று உண்டு, வேறு அணி பறித்துக்கொள்ளும் பயமில்லை. ஆப்ஷன் தீர்ந்தவராக இருந்தால் கதை வேறு; அவரைக் கீழே அனுப்ப வெய்வர் வழியாகப் போகவேண்டும், வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்டவருக்கு 250ஐ 400ஆகக் கூட்டிக் கொடுப்பேன்.

வாரத்துக்கு மூன்று நாள் ஆடவைத்து 'பார்ப்போம்' என்பது மட்டும் வேண்டாம். ஸ்லைடரை விடக் கற்றுக்கொள்ள ஸ்லைடரைத் தினமும் பார்க்கவேண்டும். இடதுகை பேட்டர் என்றால் இடதுகை பிட்சர்களுக்கு எதிராகக் கொஞ்சம் ஓய்வு தரலாம், அவ்வளவுதான். அதிலும் 40, 50 பிளேட் வாய்ப்பை வைத்து 'இடதுகைக்கு ஆடத் தெரியாது' என்று முத்திரை குத்திவிடக் கூடாது.

சரிவு வரும், அதற்கும் தயாராக இருங்கள். 2017இல் ஆல்-ஸ்டார் இடைவேளைக்குள் 30 ஹோம் ரன் அடித்த அதே ஜட்ஜ், அந்த இடைவேளையை ஒட்டித் தொடங்கி தொடர்ச்சியாக 37 ஆட்டங்களில் குறைந்தது ஒரு ஸ்டிரைக்-அவுட் என்று போனார், ஆகஸ்ட் சராசரி.185. ஆனால் வாக் நிற்கவில்லை. ஸ்டிரைக்-அவுட் கூடி வாக்கும் வற்றிப்போனால் அது பழைய ஓட்டை திரும்பத் திறந்ததற்கு அடையாளம்; வாக் அப்படியே இருந்தால் கண் சரியாக இருக்கிறது, உடம்போ நேரமோதான் தப்புகிறது. யாங்கீஸ் அவரை வெளியே எடுக்கவில்லை, செப்டம்பரில் 15 ஹோம் ரன் வந்தது.

இடம் இழந்தவரை மறந்துவிடாதீர்கள். 162 ஆட்டத்துக்கு மூன்று அவுட்ஃபீல்டர் எந்த அணிக்கும் போதாது. 2017 மார்ச்சில் ஜட்ஜிடம் தோற்ற ஹிக்ஸ் நாலாவது ஆளாகத் தொடங்கினார். மே மாதம் ஜக்கோபி எல்ஸ்பரி சுவரில் மோதித் தலையில் அடிபட்டு வெளியே போனதும் சென்டருக்கு வந்து, 88 ஆட்டத்தில்.266, 15 ஹோம் ரன். இளையவருக்கு இடம் கொடுக்கிற அன்றே, அவர் தவறினால் மறுநாள் அந்த இடத்தில் நிற்கப்போகிறவரின் சம்பளத்தையும் ஆட்ட நேரத்தையும் பேசி முடித்துவிட வேண்டும்.